சொந்த வார்த்தையில் ஜெபம்

பிப்ரவரி 3, திங்கள்

டைரியே, இவ்வளவு நேரம் கழித்து உன்னைத் திறப்பதற்கு மன்னித்துக்கொள். ராத்திரி மணி ஒன்று பத்து. யுவனுக்கு மூக்கடைப்பு. மடியில் தூங்குகிறான், தொட்டிலில் போட்டால் எழுந்துவிடுகிறான். எட்டு மாதக் குழந்தை இவ்வளவு கனக்குமா? ஒரு கையால் எழுதுகிறேன்.

நேற்று சபையில் மறுபடியும் அதே கதை. சபை என்றால் பிள்ளையார்பாளையத்தில் கைலாசம் ஐயா வீட்டு மாடி, ஒன்பது குடும்பம். என் கணவர் அருளும் நானும் ஒரே சர்ச்சில் வளர்ந்தவர்கள்தான். கல்யாணமானதும் இவர் அதை விட்டுப் பெந்தெகொஸ்தே சபைக்குப் போனார். அங்கே கீபோர்டு, டிரம்ஸ் எல்லாம் உலக ஆசை என்று சொல்லிப் பிரிந்து வந்தவர்கள்தான் இந்த ஒன்பது குடும்பம். கிறிஸ்துமஸ் கூடாது. புத்தகம் பார்த்து ஜெபிக்கக் கூடாது. குழந்தைக்கு ஞானஸ்நானம் கூடாது. கைலாசம் ஐயாவைப் பாஸ்டர் என்றும் சொல்லக் கூடாது, மூப்பர்.

ஒவ்வொருவராகச் சொந்த வார்த்தையில், சத்தமாக ஜெபிக்க வேண்டும். என் முறை வந்தது. ஒன்றும் வரவில்லை. எல்லாரும் கண்ணை மூடிக் காத்திருக்கிறார்கள், ஃபேன் மட்டும் கடகடவென்று. எம்.எஸ்ஸி. வைவாவில்கூட நான் இப்படி நின்றதில்லை.

"இன்னாம்மா, வாய்ல கொழுக்கட்டையா?" என்றார் பக்கத்தில் இருந்த பொன்னியம்மாள். அவருக்கு எழுபது வயது, யாருக்கும் பயப்பட மாட்டார்.

"புத்தகத்துல பழகின நாக்கு. தண்ணிக்குள்ள எறங்கினாத்தான் கட்டு அவுரும்" என்றார் கைலாசம் ஐயா. 23ஆம் தேதி திருமுக்கூடல் ஆற்றில் எனக்கு மறு ஞானஸ்நானமாம். கைக்குழந்தையில் எனக்குக் கொடுத்தது? "அது குளிப்பாட்டினது."

நான் இறங்கினால், குழந்தையில் பெற்றது ஒன்றுமில்லை என்று நானே சாட்சி சொன்ன மாதிரி. அப்புறம் யுவனுக்கு ஞானஸ்நானம் வேண்டும் என்று எந்த வாயோடு கேட்பேன்?

பிப்ரவரி 5, புதன்

அருளோடு சண்டை. நான் இறங்காவிட்டால் இவருக்கும் ஞாயிறு நற்கருணைப் பந்தியில் அப்பம் கிடையாதாம்.

"ஒரு வீடு ரெண்டு மேஜைல சாப்புட முடியாது சத்யா."

"இந்த வீட்ல மூணு வேளையும் ஒரே மேஜைதான். பொங்கிப் போடறது நானு."

சிரித்துவிட்டார். பிறகு சிரித்ததற்கு வருத்தப்பட்டதுபோல் எழுந்து போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாருடைய வீட்டுக்குள் யார் வந்து சட்டம் போடுவது?

பிப்ரவரி 7, வெள்ளி

வெள்ளிக் கூட்டம். கைலாசம் ஐயாவின் ஜெபத்தில் 'இந்த நேரத்துக்காக ஸ்தோத்திரம்' முப்பத்தொரு முறை. எண்ணியது பாவம்தான். ஆனால் போன வெள்ளியும் முப்பத்தொன்று.

பிப்ரவரி 9, ஞாயிறு

மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

மாலைக் கூட்டத்தில், சரியாக என் முறை வந்தபோது கரெண்ட் போனது. கும்மிருட்டு. யுவன் பயந்து வீறிட்டான். அவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன் — வந்துவிட்டது. ராத்திரியின் ஆபத்துகளிலிருந்து காக்கச் சொல்லும் அந்தச் சின்ன ஜெபம். எங்கள் சர்ச்சில் ஞாயிறு மாலை ஆராதனையில், ஆயர் புத்தகம் பார்த்துச் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமானது. ஒரு வார்த்தை பிசகவில்லை.

முடித்ததும் இருட்டில் விசும்பல். பொன்னியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். கைலாசம் ஐயாவின் குரல்: "பாத்தீங்களா? புத்தகத்தப் புடுங்கிட்டா ஆவியானவரே பேசுறாரு."

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை? பாராட்டு இனித்தது, அதுதான் அசிங்கம்.

இன்னொன்று. அந்த ஜெபம் எங்கே முடியும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. ஆனால் முடிய வேண்டிய இடத்தில், ஒரு நொடி பிந்தாமல், ஒரே ஒரு ஆமென் கேட்டது. அருள்.

பிப்ரவரி 12, புதன்

மூன்று நாள் பொறுத்துக் கேட்டேன். இவர் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அது புத்தக ஜெபம்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

யுவனுடைய சட்டையை இரண்டு முறை மடித்தார். "கேக்க நல்லா இருந்துச்சு."

நல்லா இருந்துச்சாம். அச்சடித்த ஜெபம் செத்த ஜெபம் என்று இரண்டு வருஷமாக எனக்குப் பாடம் எடுத்த மனுஷன். கதவை அறைந்து சாத்தினேன், குழந்தை எழுந்துவிட்டான். அதற்கும் நான்தான் உட்கார வேண்டியிருந்தது.

பிப்ரவரி 16, ஞாயிறு

சொல்லிவிட்டேன். பொய்யின் மேல் நின்றுகொண்டு எந்த ஆற்றில் இறங்குவது?

"போன வாரம் சொன்னது என் வார்த்தை இல்ல ஐயா. புத்தகத்துல இருக்குது."

"அப்ப சபையவே ஏமாத்திக்கினு இருந்தியா?"

"ஏமாத்தணும்னு சொல்லல. பயத்துல அதுதான் வந்துச்சு."

"அப்ப அது ஆவி இல்ல."

பொன்னியம்மாள் கேட்டார்: "அப்ப நான் அழுதது இன்னா?"

23ஆம் தேதிப் பட்டியலில் என் பெயர் இல்லை என்றார் மூப்பர். அருள் எந்தப் பக்கம் என்று அதற்குள் சொல்ல வேண்டுமாம். மாடிப்படியில் பொன்னியம்மாள் என் முந்தானையைப் பிடித்து நிறுத்தினார். "அந்த ஜெபத்த எழுதிக் குடும்மா. பேத்தி படிச்சிக் காட்டும். கரெண்ட் போனா பயத்துல எனக்கு ஆவறதில்ல."

இவர் வண்டியை உதைக்காமல் கொஞ்ச நேரம் சும்மா நின்றார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

விடியற்காலையிலேயே இவர் திருமுக்கூடல் போய்விட்டார். தடுக்கவில்லை. குக்கரைத் தேய்த்துக்கொண்டே அழுதேன்.

ஒரு மணிக்கு வந்தார். பேன்ட் முழங்கால் வரை ஈரம். மணல் அள்ளிய பள்ளத்தில் இடுப்பளவு தண்ணீராம், இரண்டு பேர் இறங்கினார்களாம், இவர் கரையில் துண்டு பிடித்தாராம்.

"அப்பம் குடுத்தாங்களா?"

"நான் கை நீட்டல."

சாதத்தில் ரசம் ஊற்றும்போது, தட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "யுவனுக்கு ஞானஸ்நானம் எப்ப கேக்கப் போற?"

பிப்ரவரி 25, செவ்வாய்

எங்கள் பழைய சர்ச் ஆயருக்கு இன்று தபாலில் போட்டது. நகல்:

அன்புள்ள ஆயர் டேனியல் ஐயாவுக்கு, சத்யப்ரியா எழுதுவது. எங்கள் மகன் யுவனுக்கு ஈஸ்டருக்கு முன் ஒரு ஞாயிறு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும். அவன் அப்பா வருவார், குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். ஆனால் புத்தகத்தில் உள்ள பதில்களைச் சொல்ல மாட்டேன் என்கிறார். நான் ஒருத்தி சொன்னால் போதுமா? கூடாது என்று விதி இருந்தால் நேராகச் சொல்லிவிடுங்கள். அன்றைக்கு அவரிடம் யாரும் எதுவும் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் இதுவரை இரண்டு முறை மனம் மாறியவர், மறுபடி மாறிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.