பெட்டிக்குள் மிச்சம் இரண்டு

மெனோங்கே, அங்கோலா
ஆகஸ்ட் 1987

அன்புள்ள எங்ராசியா,

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். அவளுடைய மூட்டுவலி தேவலையா? பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டதா? நான் நலம்தான், நம்பு.

ஒரு கூத்து கேள். ரஷ்யாவில் நாங்கள் பயிற்சி எடுத்த பழைய விமான எதிர்ப்பு வண்டியில் ஏவுகணை நாலுதான். இங்கே தந்திருப்பது அதிலேயே புது ரகம். மூடிய பெட்டிகளில் ஆறு. செவ்வாய்க்கிழமை தென்னாப்பிரிக்க விமானங்கள் வந்தன. நாலைச் சுட்டதும், பழக்கதோஷம், அடுத்ததை ஏற்ற வெளியே குதித்து ஓடிவிட்டேன்.

"டேய் செஃபெரினோ, இன்னும் ரெண்டு இருக்குடா! உள்ள வாடா கழுதை!" என்று சார்ஜென்ட் கப்பிதாங்கோ கத்தினார்.

ஓடி வந்து கதவைச் சாத்தினேன். நான் நின்ற இடத்தில் இப்போது ஒரு குழி. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அன்றிலிருந்து எல்லோருக்கும் என் பெயர் "நாலு".

கருவாடு கொஞ்சம் அனுப்பு. பாப்பாவின் படமும். படுத்தாலும் விரல்கள் எதையோ எண்ணிக்கொண்டே இருக்கின்றன.

நீ, அம்மா, பாப்பா என்று மூன்று தட்டு வைத்தே பழகிவிட்டது என எழுதியிருந்தாய். அந்தப் பழக்கம் வேண்டாம், எங்ராசியா. தபால் கொண்டுபோகும் லாரிக்காரர் கத்துகிறார், முடிக்கிறேன். தட்டு நாலாகவே வை.

உன்
செஃபெரினோ