ஒரு சுண்டு கூடப்போட்ட கடலை

ஆகஸ்ட் 2007, செவ்வாய்

இவருக்குப் பிரஷர் என்று மகள் கனடாவிலிருந்து சொல்லித்தந்த சாப்பாட்டை இன்று செய்தேன். அவித்த கோதுமைக் குறுணல், கடலை, மேலே வெள்ளரிக்காய், தக்காளி, ஒலிவ் எண்ணெய். நெஞ்சுக்கு நல்லதாம். யாராவது வந்தால் என்று வழக்கம்போல கடலையில் ஒரு சுண்டு கூட அளந்து போட்டிருந்தேன்.

வந்தது பொலிஸ். தமிழர் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவர்கள் எழுதிவைத்த பதிவில் நாங்கள் இரண்டு பேர். சட்டியில் ஐந்து பேருக்குச் சாப்பாடு. மற்ற மூன்று பேரும் எங்கே என்று சிங்களத்தில் அதட்டினார்கள். கட்டிலுக்கடியில், அலுமாரிக்குள் எல்லாம் தேடினார்கள்.

அவர்கள் போனபிறகு ஆறியதைச் சாப்பிட்டோம். வாசலுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பாத மனுசன் தலைநிமிராமல் சொன்னார்: "இனி ரெண்டு பேருக்கு மட்டும் சமையும். ஆரும் வந்தா, சாப்பிட்டு முடிஞ்சுது எண்டு சொல்லும்."

மிச்சம் அப்படியே கிடக்கிறது. குப்பையில் கொட்டவும் பயமாக இருக்கிறது.