கீழ்வீட்டு அக்காவின் வழக்கு

மார்ச் 4
பாப்பாவுக்குச் சளி. கீழ்வீட்டுத் தையல் அக்கா நோட்டீஸோடு வந்தார். காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் வழக்குப் போட்டுவிட்டார். “கோர்ட்ல இலவச வக்கீல் தரேன்னாங்க. நீ இருக்கும்போது எனக்கு எதுக்கு ஊரான் வக்கீல்? வேணாம்னுட்டேன்.” சரி என்று தலையாட்டிவிட்டேன். என்னை ஒருவர் வக்கீல் என்று சொல்லி எத்தனை நாளாயிற்று.

மார்ச் 5
“உன் வக்கீல் பதிவு இன்னும் உயிரோட இருக்கா?” என்று இவர் கேட்டார். பாப்பா பிறந்தபின் புதுப்பிக்கவில்லை. அதற்குப் பயிற்சி வகுப்பு முடிக்க வேண்டும். கைக்குழந்தையோடு எங்கே போவது? “எழுதிப் போட்டிருக்கேன், வந்துரும்” என்றேன். எழுதவேயில்லை.

மார்ச் 11
பதில் மனு தாக்கல் செய்தாயிற்று. அங்கியைப் பூச்சி அரித்திருந்தது. அக்கா தைத்துக் கொடுத்தார்.

மார்ச் 18
எதிர்த்தரப்பு வக்கீல் மெதுவாகத்தான் சொன்னார், என் பதிவு காலாவதி என்று. நீதிபதி கத்தவில்லை. கத்தியிருக்கலாம். “உங்க மனுவை ஏத்துக்க முடியாது. உட்காருங்கம்மா.”
“ஏன்டி உட்கார்ந்துட்ட?” — அக்கா காதோரம் கேட்டார்.
இலவச வக்கீல் வேறு வழக்குக்குப் போய்விட்டாராம். இனி வரிசையில் நிற்க வேண்டும். வழக்கோ அடுத்த வாரம்.
வீட்டுக்கு வந்து, பதிவில்லாமல் வாதாடக் கூடாதென்ற விதியைத் திட்டித் தீர்த்தேன். அரைகுறைகளிடமிருந்து ஜனங்களைக் காப்பாற்றத்தானே விதி? அந்த அரைகுறை நான்தான். சரி, என்னிடமிருந்து காப்பாற்றி அக்காவை யாரிடம் விட்டது?

மார்ச் 19
எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா மெஷினை நிறுத்தவில்லை. “முன்னாடியே சொன்னா அடிச்சிருப்பேனா? அந்த இலவச ஆளையாவது பிடிச்சிருப்பேனே.”

மார்ச் 25
அக்கா தனக்காகத் தானே பேசினார். அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். கடைசி பெஞ்சில் நான், மடியில் பாப்பா. எந்தப் பிரிவைச் சொன்னால் நீதிபதி நிமிர்வார் என்று எனக்குத் தெரியும். வாய் திறக்கக் கூடாது. “மெஷினை எங்க கொண்டுபோய் வைப்பேன்?” — அதையேதான் அக்கா திரும்பத் திரும்பச் சொன்னார்.
ஒரு மாதத்தில் காலி செய்ய உத்தரவு.

மார்ச் 26
அக்கா வீட்டில் மெஷின் சத்தம். இறங்கிப் போகத் துணிவில்லை.

மே 2
பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். பாப்பாவைத் தூக்கிக்கொண்டேதான்.
சாயங்காலம் தன் கவுன் பித்தானைப் பிய்த்துவிட்டாள். கவுனோடு படியிறங்கிப் போய்விட்டேன், பழக்கதோஷம். பூட்டு தொங்கியது. பித்தானைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.