மூன்றாவது றீல்

ஜூலை 3, 2024

தவராசா லண்டனில் இருந்து கதைத்தான். மாதக் கடைசியில் வருகிறானாம். "மச்சான், என்ர படத்த ஒருக்காப் பாக்கோணும். உன்ர வீட்டு ஹோலில, அதே சுவரில." அவன் எப்போதோ விலைக்கு வாங்கி, வெளிநாடு போகும்போது என்னிடம் விட்டுப்போன பதினாறு மில்லிமீற்றர் படம். முழுநீளப் படம், நாலு றீல். "பயப்பிடாம வா, பத்திரமாக் கிடக்கு" என்றேன். துறைமுகத்து உப்புக்காற்று படக்கூடாதென்று ஒவ்வொரு டப்பாவையும் பொலித்தீனில் சுற்றி இறுக்கிக் கட்டித்தான் அலுமாரியில் வைத்திருக்கிறேன்.

ஜூலை 5

அலுமாரி இருக்கும் அறையில் வினாகிரியின் புளித்த வாசம். வேறு என்ன, பக்கத்தில் அடுக்கியிருக்கும் என் மனைவி அசனாவின் அச்சாறு ஊறுகாய்ப் போத்தல்கள்தான். கடைகளுக்குப் போட்டுக் கொடுக்கிறாள். படத்துக்கு இந்தப் புளிப்பு ஆகாது என்றேன். "மூடியெல்லாம் இறுக்கித்தானே வச்சிருக்கன்" என்றாள். நான் நம்பவில்லை.

ஜூலை 8

இன்று சத்தம் போட்டுவிட்டேன். "மனிசன்ர சாமானுக்கு ஒரு மதிப்பில்லையா இந்த வீட்டில? இப்பவே தூக்குங்க!" போத்தல்களை ஒவ்வொன்றாகப் பின் விறாந்தைக்குக் கொண்டுபோனாள். ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து எனக்குத் தெரியும், அவள் ஏசினால் பரவாயில்லை. பேசாமல் இருந்தால்தான் பயம்.

ஜூலை 12

விறாந்தையில் வெயில். போத்தல்களில் அரைவாசி நுரை தள்ளிவிட்டது. கடைக்காரர் வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிட்டார். அறையைக் கழுவினேன், அலுமாரியைத் துடைத்தேன். வாசம் போகவில்லை. ஏன் போகவில்லை? போத்தல்தான் இல்லையே...

ஜூலை 13

பொலித்தீனை அவிழ்த்தேன். மூன்றாவது டப்பாவைத் திறந்ததும் கண் எரிந்தது. யா அல்லாஹ். கொழும்பில் பழைய படங்கள் சேர்க்கும் றிகாஸிடம் கேட்டேன், எனக்குத் தம்பி மாதிரி. "காக்கா, பழைய படம் பழுதானா வினாகிரி மாதிரித்தான் மணக்கும். காத்துப் போகாமக் கட்டி வச்சா இன்னும் கெதியாப் பழுதாகும். பக்கத்து றீலுக்கும் தொத்தும்."

கட்டியது யார்? நான்தான். இறுக்கி இறுக்கிக் கட்டினேன்.

ஜூலை 14

மூன்றாவது றீல் சுருங்கி, பொரித்த அப்பளம் போல நெளிந்திருக்கிறது. புரொஜெக்டரில் கோத்தேன், சக்கரத்துப் பல்லில் உட்காராமல் கிழிந்தது. மற்ற மூன்றும் ஓடும் போலிருக்கிறது. தவராசாவுக்கு என்ன சொல்ல? அசனாவுக்கு என்ன சொல்ல?

ஜூலை 20

இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஜூலை 26

நாளை மறுநாள் தவராசா வருகிறான். அசனாவிடம் சொன்னேன்: "மூண்டாவது றீல் பழுது." "அப்ப அந்த வாசமும் அதுதானா?" "ஓம்." அவளை ஏசியதைப் பற்றி நான் கதைக்கவில்லை. அவள் குசினிக்குள் சமைக்கப் போய்விட்டாள்.

ஜூலை 28

தவராசாவும் மனைவி இராசமலரும் வந்தார்கள். இரண்டு றீல் நன்றாக ஓடியது. நான் றீல் மாற்றும்போது அசனா தேத்தண்ணி கொண்டுவருவது எங்கள் வீட்டு வழக்கம். கொண்டுவந்தாள். மாற்ற மூன்றாவது றீல்தான் இல்லை.

"மச்சான், அடுத்த றீல் பழுதாப் போச்சு. நான் வச்ச முறை பிழை."

தவராசாவின் முகம் செத்துவிட்டது. கோப்பையை வாயில் வைக்காமலே இருந்தான்.

அசனா கதிரையை இழுத்துச் சுவருக்கு முன்னால் போட்டாள். "அந்த றீல் கதைய நான் சொல்றன். எத்தன தரம் பாத்திருக்கன்!"

சொன்னாள். மாமியாருக்கு ஒரு குரல், கதாநாயகனுக்கு ஒரு குரல். இராசமலர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். தவராசாவும் சிரித்தான். கடைசியில், மனைவியைக் காரணமில்லாமல் வீட்டைவிட்டு அனுப்பிய கதாநாயகன் அவள் வாசலுக்கு வருகிறான். "'பிழை என்னிலதான். விசாரிக்காம உன்ன ஏசிப்போட்டன். மன்னிச்சிரு' எண்டு கேக்கிறான்" என்றாள் அசனா.

"அப்பிடியும் ஒரு கட்டம் இருந்ததோ?" என்றான் தவராசா.

"ஏன், மறந்திட்டீங்களா?"

அப்படி ஒரு கட்டம் கிடையாது. படத்தில் அவன் வா என்கிறான், அவள் பெட்டியோடு வருகிறாள், அவ்வளவுதான். நாலாவது றீலைக் கோத்தேன். அதில் இருவரும் சேர்ந்தே இருந்தார்கள். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஜூலை 29

விடைபெறும்போது தவராசா சொன்னான்: "எல்லாத்திலயும் மூண்டாவது றீல்தான் மச்சான் திறம்."

ஜூலை 30

"அந்தக் கட்டம் படத்தில இல்லையே" என்றேன். "தெரியும்" என்றாள், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

குசினி வாசலில் நின்று, அவள் கதாநாயகனுக்குப் போட்ட வசனத்தையே சொன்னேன். ஒரு சொல் விடவில்லை. என் குரல்தான் கதாநாயகன் குரல் மாதிரி இல்லை.

"சரி, போத்தலெல்லாம் உள்ளுக்கு எடுத்து வையுங்க" என்றாள்.

வைத்துவிட்டேன். மூன்றாவது டப்பா இப்போது விறாந்தையில்.