வயிற்றுத் துண்டு

என் கண்ணுக்கு,

நீ ஒரு வரிகூட எழுதாமல் உறையில் வைத்து அனுப்பிய மருத்துவச்சியின் தாள் கிடைத்தது. படகில் வைத்துத்தான் படித்தேன். வெட்டெர்ன் ஏரியில் இன்று அலையே இல்லை. ஏழு ஆள் ஆழத்துக் கூழாங்கல்லும் தெரிந்தது; படகு தண்ணீரில் மிதக்கிறதா, காற்றில் நிற்கிறதா என்றே தெரியவில்லை. வழக்கம்போல் கையால் அள்ளிக் குடித்தேன். இவ்வளவு தெளிந்த தண்ணீரில் என்ன விஷம் ஒளிந்திருக்கும் என்றுதான் இத்தனை வருடமும் எல்லாரிடமும் சண்டை போட்டேன்.

தண்ணீரில் இல்லையாம். பழைய ஆலைக் கழிவும் பூச்சிமருந்தும் மீனின் கொழுப்பில் போய்ச் சேர்ந்துவிடுமாம். வயதான ரோடிங் மீனில்தான் அதிகமாம். பிள்ளைத்தாய்ச்சி அதைத் தொடவே கூடாதாம்.

நீ வயிற்றில் இருந்தபோது, பிடித்ததிலேயே கிழட்டு மீனாகப் பார்த்து, அதன் கொழுத்த வயிற்றுத் துண்டை நான்தான் உன் அம்மா தட்டில் வைப்பேன். நம் கரையில் பிள்ளைத்தாய்ச்சிக்கு அதுதான் மரியாதை.

நீ நன்றாகத்தான் வளர்ந்தாய். அதை விடு.

நடுக்கோடை விருந்துக்குக் கட்டாயம் வா. புது உருளைக்கிழங்கும் ஸ்ட்ராபெரியும் உனக்கு. அம்மா இப்போதே ஆரம்பித்துவிட்டாள்: "புள்ளத்தாய்ச்சி வர்றா. பெரிய மீனா புடிச்சு வெச்சீங்களா, இல்ல படகுல தூங்குறீங்களா?"

மீன் வாடையே ஆகவில்லை என்று அவளிடம் சொல்லிவிடு. தாளைக் காட்டாதே. வாடை ஆகவில்லை என்றதுமே அவள் பீற்றிக்கொள்வாள்: "உன்னச் சுமந்தப்ப நான் முள்ளத் தவிர எதையும் மிச்சம் வெக்கலடி!"

நீயும் சேர்ந்து சிரித்துவிடு.

உன்
அப்பா