சமையலறையில் வெடிக்காத தோட்டா

அன்பு மருமகள் டிரெஸாவுக்கு, கென்டக்கி மலையடியிலிருந்து உன் தாய்மாமன் டெல்பெர்ட் ஆசி சொல்லி எழுதுவது. நானும் உன் அத்தை லோவெல்லாவும் சுகம். என் முழங்கால் மட்டும் மழைக்கு முந்தியே வலித்து மழையைச் சொல்லிவிடுகிறது. வானொலிக்காரர்களே என் முழங்காலைக் கேட்டுத்தான் அறிவிக்கிறார்கள் என்று ஊரில் பேச்சு.

நீ குழந்தை ஓப்பலைத் தூக்கிக்கொண்டு புருஷனைவிட்டு ஓடிப்போனதில் என்னால் தேவாலயத்தில் தலைநிமிர முடியவில்லை. போகட்டும். இப்போது நல்ல செய்தி சொல்கிறேன். மூன்று மாவட்டத்துக் கடைக்காரர்கள் கைவிட்ட உன் வீட்டுக்காரன் ராய்ஸின் கைத்துப்பாக்கியை நான் சரிசெய்துவிட்டேன்!

துண்டில் சுற்றி எடுத்து வந்தான். “விசைய இழுத்தா சுத்தியல் விழுது, டக்குன்னு சத்தம் வருது, வெடிக்க மட்டும் மாட்டேங்குது மாமா. உங்க வீட்டு ஆளுங்க மாதிரியே, வாய்தான் பெருசு” என்றான். அவனுக்கு எப்போதும் கேலிதான். வெடிக்காத தோட்டா ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தான். அதன் பின்புறத்து மூடியில் கொசு உட்கார்ந்து எழுந்த மாதிரி ஒரு சின்னப் புள்ளி. நல்ல குழி விழுந்தால்தானே உள்ளே மருந்து பற்றும்? பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டேன்: “மாப்ளே, தோட்டா மேல பழி போடாத. அடிக்கிற அடியில பலமில்ல.”

பிரித்தால் நான் சொன்னபடியேதான். விசை வெண்ணெய் மாதிரி இருக்கவேண்டும் என்று தபாலில் மெலிந்த ஸ்பிரிங் வாங்கிப் போட்டிருக்கிறான். இந்தக் காலத்துப் பையன்கள் எல்லோருக்கும் இதே வியாதி. போதாததற்குக் கெட்டி மூடி போட்ட மலிவுத் தோட்டா. தோட்டாவைக் குத்துகிற ஊசி ஓடும் துளையில் எண்ணெயாக அடித்து அடித்து, அது வெல்லப் பாகு மாதிரி இறுகிக் கிடந்தது. துடைத்து, சொட்டு எண்ணெய் இல்லாமல் காயவைத்து, கம்பெனி ஸ்பிரிங்கையே திரும்ப மாட்டினேன். “விசை கொஞ்சம் கனமா இருக்கும். ஆனா இனிமே ஏமாத்தாது” என்றேன்.

ஓடைக்கரையில் பழைய பூசணிக்காய்களை வைத்துச் சுட்டோம். ஒன்றுகூடத் தப்பவில்லை. சத்தத்தில் எதிர்மலையில் மூன்று மான்கள் மயங்கி விழுந்தன.

உன் அத்தைதான் காரியத்தைக் கெடுத்தாள். பின்வாசலில் நின்று, “அந்தத் தோட்டா எங்க வெடிக்காம போச்சுன்னு கேளுய்யா” என்றாள். ராய்ஸ் சிரித்துக்கொண்டே, “எங்க சமையல்கட்டுலதான் அத்தை” என்றான். அவள் கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டாள். உன்னை நோக்கி அவன் விசையை இழுத்தான் என்று நீ சொன்னபோது, துப்பாக்கி காலி என்று அவன் பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்தானல்லவா, அதைப் பிடித்துக்கொண்டாள். சத்தியத்தில் கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும்தான். நான் அவளிடம் கேட்டேன்: “கோவத்துல ஒரு தடவ இழுத்துட்டான். பாசமில்லாதவன்னா ரெண்டாவது தடவயும் இழுத்திருப்பான்ல?” அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வாதத்தில் என்னை ஜெயித்தவர் யார்? அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை, சமையலும் இல்லை. சோளரொட்டி நானே சுடுகிறேன், அவளுடையதைவிட நன்றாகவே வருகிறது.

நீ அவளுக்கு அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்து உறையை மாவு டப்பாவுக்குள் ஒளித்திருந்தாள். ரொட்டி சுடப்போய் என் கையில் கிடைத்தது. டேடன் நகரத்தில் சலவைக் கடைக்கு மேல்மாடியாமே! புருஷனுக்குத் தெரியாத விலாசம் ஒரு விலாசமா? ராய்ஸிடம் கொடுத்துவிட்டேன். அவன் கண்கலங்கி என் கையைக் குலுக்கியது உனக்குத் தெரியவேண்டும்.

தபாலில் போட்டால் நாளாகும். அதனால் இதை அவன் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். வழி தூரம், தனியாகப் போகிறான், துணைக்குத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டான். கடிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு, நீ படித்து முடிக்கும்வரை வெளியே நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

போலீசு கீலீசு என்று கூப்பிட்டு மறுபடி மானத்தை வாங்காதே அம்மா. குளிரில் அவனை நெடுநேரம் நிற்கவைக்காதே, அவனுக்குப் பொறுமை குறைவு. ஓப்பலையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து கதவைத் திற. பிள்ளை முகத்தைப் பார்த்தால் இளகிவிடுவான். கர்த்தர் உங்கள் இருவரையும் காப்பாராக.

உன் நன்மையே நாடும் மாமன்,
டெல்பெர்ட்