ஏழாவது பாடம்

சங்கரன்கோவில்

அத்தானுக்கு,

பாப்பாவும் நானும் சுகம். ஆடித்தபசுத் திருவிழாவுக்கும் நீங்க வரலை, போன் போட்டாலும் எடுக்கலை. அதனாலதான் கடுதாசி எழுதுதேன்.

ஒரு விஷயத்தை ஒங்ககிட்ட மறைச்சிட்டேன். டெல்லியில அவ்வளவு பெரிய யுனிவர்சிட்டியில நீங்க நடத்துத ஜெர்மன் வகுப்பை வீடியோவாப் போடுதீங்கல்லா, அதைப் பாத்து அஞ்சு மாசமா நானும் படிக்கேன். பாப்பா பள்ளிக்கூடம் போனதும் அடுப்பங்கரையில நோட்டோட உட்காந்துருவேன். நீங்க ஊருக்கு வரும்போது ஜெர்மன்ல பேசி ஒங்களை அசத்தணும்னு ஆசை. வேற ஒண்ணுமில்லை.

நேத்து நீங்க போட்ட ஏழாவது பாடம் குடும்பம். முன்வரிசையில இருந்த பொம்பளப் பிள்ளை ஒண்ணு, "சார், ஒங்களுக்குக் கல்யாணம் ஆயிட்டா?"ன்னு ஜெர்மன்ல கேட்டுது. நீங்க சிரிச்சுக்கிட்டே, "இல்லை, நான் தனியாத்தான் இருக்கேன்"னு சொன்னீங்க.

நான் புரிஞ்சுக்கிட்டது சரிதானான்னு நாலு தடவை ஓட்டிப் பாத்தேன். பாடத்துக்காகச் சும்மா சொல்லியிருப்பீங்க. அந்தப் பிள்ளை எதுக்கு வெக்கப்பட்டுத் தலையைக் குனிஞ்சதுன்னுதான் தெரியலை.

கடைசியில வீட்டுப்பாடம் கொடுத்தீங்க. அவங்கவங்க குடும்பத்தைப் பத்திப் பத்து வரி எழுதி, வீடியோவுக்குக் கீழேயே போடணும். முதல்ல படிக்கிற பிள்ளைங்களே ஒருத்தர் எழுதினதை ஒருத்தர் திருத்தணும், அப்புறந்தான் நீங்க பாப்பீங்க.

நானும் இன்னைக்குக் காலையில எழுதிப் போட்டுட்டேன். நம்ம கல்யாணத் தேதி, பாப்பா வயசு, ஒங்க முழுப்பேரு எல்லாம் அதுல இருக்கு.

இந்தக் கடுதாசி ஒங்க கைக்கு வர நாலு நாளாகும். அதுக்குள்ள ஒங்க பிள்ளைங்க திருத்தி முடிச்சிருப்பாங்க.

இப்படிக்கு,
ஒங்க பொண்டாட்டி